தேயிலை மலையில் மருந்தடிப்பு

இலங்கை மலையகத்தில் பயிர் இரசாயனத்தைத் தொழிலாளர் கையில் முதலில் கொடுத்த பயிர் தேயிலை அல்ல, கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பது தெரியவந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவைட்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த ஆங்கிலப் பூஞ்சணவியலாளர் பெர்க்லி, அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். நோய் வந்த பிறகும் காடு வெட்டிக் கோப்பி நடுவது நிற்கவில்லை. 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் கோப்பியின் கீழ் இருந்தது. பேராதனையின் உதவிப் பணிப்பாளராக இருந்த டானியல் மொரிஸ், கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தூளைச் செடிகள் மீது தூவுமாறு 1879இல் பரிந்துரைத்தார். மலைச்சரிவில் வரிசை வரிசையாக நின்று அந்தத் தூளைத் தூவியவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். கந்தகத் தூள் கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். சுண்ணாம்பு வியர்வை ஈரத்தில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், பூஞ்சணத்தின் வித்திகள் காற்றில் பரவும் விதத்தைத் தெளிவாக விளக்கினார். ஆனால் இந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் கேட்கப்பட்ட கேள்வி இலை பிழைக்குமா என்பதுதான். அந்த இலையும் பிழைக்கவில்லை.

கோப்பி போன நிலங்களில் தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய பயிர் இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டை மூடிவிட்டது. முதல் அரை நூற்றாண்டுக்குமேல் தேயிலைக்கு மருந்து என்ற பேச்சு மிகக் குறைவு. பறிக்கும் கொழுந்தையே குடிப்பதால் அதன்மேல் எதைத் தூவினாலும் சுவை கெட்டுவிடும் என்ற அச்சம் துரைமாரிடம் இருந்தது. 1905இல் இலங்கை வந்த பூஞ்சணவியலாளர் தோமஸ் பெச், தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923இல் தனி நூலே எழுதினார். 1925இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரே முதற் பணிப்பாளர். நிலையம் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அதன் ஆரம்ப காலச் சாதனைகளில் ஒன்றுக்கு மருந்தே தேவைப்படவில்லை. கொழுந்திலைகளைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. குளவி மலைகளில் நிலைத்துப் பெருகி, புழு அடங்கியது. இந்தக் குளவியின் கதை இன்னும் முடியவில்லை. கீழே மீண்டும் வரும்.

1946இல் எல்லாம் மாறியது. அசாமில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த கொப்புள நோய் அந்த ஆண்டு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. எக்ஸோபாசிடியம் வெக்சன்ஸ் என்ற இந்தப் பூஞ்சணம் முற்றிய இலையைத் தொடுவதில்லை. பறிக்க வேண்டிய இளங்கொழுந்தையே பிடிக்கும். மூடுபனியும் தூறலும் வெயிலில்லாத பகலும் அதற்குப் பிடித்த காலநிலை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா மலைகளில் இவை மூன்றும் சேர்ந்தே இருக்கும். கோப்பியின் கதி நினைவில் இருந்ததால் இம்முறை யாரும் தாமதிக்கவில்லை. செப்புக் கலவைகள் வந்தன. கொழுந்து புதிதாக வர வர அதன் மேல் செப்புப் படலம் இருக்க வேண்டும் என்பதால், மழை மாதங்களில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை மலை முழுவதும் அடிக்க வேண்டியிருந்தது. காலையில் வேலை பிரிக்கும் தோட்டத்துப் பெரட்டில் கொழுந்து, கவ்வாத்து, புல்லு வேலைகளோடு மருந்தடிப்பு நிரந்தரமான ஒரு வேலையாகச் சேர்ந்தது இப்படித்தான். கொழுந்து பெரும்பாலும் பெண்கள் வேலை. மருந்து டாங்கி ஆண்கள் முதுகில் ஏறியது.

செப்பு ஒக்சிகுளோரைட்டு கொடிய நஞ்சு அல்ல. தோட்டத்து இரசாயனங்களில் அதுவே சாதுவானது என்று சொன்னாலும் தவறில்லை. ஆனால் அது எரிச்சலூட்டும் பொருள். தூளைத் தண்ணீரில் கரைக்கும்போது எழும் புழுதி கண்ணிலும் மூக்கிலும் ஏறும். நுண்துளிகளை நாள்தோறும் மூச்சோடு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்துக்கு வெளியே ஒரு பாடம் கிடைத்தது. செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவையைத் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் அடித்தவர்களுக்கு ஏற்பட்ட நுரையீரல் நோயை 1969இல் போர்த்துக்கல் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் செப்போடு நிக்கல் குளோரைட்டையும் சேர்த்து அடிக்கும் வழக்கம் பின்னர் வந்தது. தோல் ஒவ்வாமையைத் தூண்டும் உலோகங்களில் நிக்கலுக்கு முதலிடம்.

மருந்தின் நச்சுத்தன்மையைவிட மலையின் அமைப்பே ஆபத்தைக் கூட்டியது எனலாம். முதுகில் பதினாறு லீற்றர் டாங்கி. ஒரு கை நெம்புகோலை ஆட்டும், மறு கை குழாயைப் பிடிக்கும். இடுப்பளவு செடிகளின் ஊடே, வழுக்கும் சரிவில் நடக்க வேண்டும். அடித்த செடியையே உரசிக்கொண்டு நடப்பதால் தொடையிலிருந்து கீழே உடுப்பு நனைந்துவிடும். டாங்கி மூடியில் கசிவிருந்தால் முதுகும் நனையும். சமதரையில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது எளிது. பள்ளத்தாக்கிலோ காற்று நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும். மேல் வரிசையில் அடிக்கும் மருந்தின் புகார் கீழ் வரிசையில் நிற்பவரின் முகத்தில் படியும். பாதுகாப்புக் கண்ணாடி பனியில் மங்கிவிடும், இறப்பர் சப்பாத்து சரிவில் வழுக்கும். பாதுகாப்பு உடுப்பைப் போடாததைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதுவது வழக்கம். அந்த உடுப்பு இந்த மலைக்காகத் தைக்கப்படவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

பொல்பிட்டிய இந்த வரலாற்றில் ஓர் எல்லைப்புறம். நோர்வூட், நோர்ட்டன் பிரிட்ஜ் வழியே வரும் கெஹெல்கமு ஓயாவும், மஸ்கெலியாவிலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் இந்தப் பக்கத்தில்தான் சேர்ந்து களனி கங்கையாகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய 75 மெகாவாட் நீர்மின் நிலையத்தால் ஊரின் பெயர் பரவலாகத் தெரியும். மேலே குளிர்ந்த உயர்மலைத் தேயிலை, கீழே கித்துல்கலப் பக்கம் இறங்கினால் இறப்பர். கொப்புள நோய் உயரம் ஏற ஏற வலுக்கும். இந்த உயரத்துக்கு இறங்கும்போது தொல்லை வேறு: கிளைகளுக்குள் துளையிட்டு வாழும் துளைப்பான் வண்டு ஏறத்தாழ 1,200 மீற்றருக்குக் கீழே உள்ள தோட்டங்களின் பழைய எதிரி. வட்டவளை, கினிகத்தேனைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டியும் மழை பெய்யும். அடித்த மருந்தைக் கழுவிக்கொண்டு போகிற மழை புல்லையும் வேகமாக வளர்க்கும். கழுவிப்போன தண்ணீர் அணைகளையும் சுரங்கங்களையும் கடந்து களனியில் சேர்கிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அதே ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது.

துளைப்பானுக்கு 1950களில் கிடைத்த விடை டீல்ட்ரின். குளோரீன் சேர்ந்த இந்தப் பூச்சிகொல்லி தோல் வழியாக உடலுக்குள் புகும், கொழுப்பில் தங்கும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாது. வண்டு குறைந்தது. கூடவே ஜாவாவிலிருந்து வந்த குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் புழு, தடுக்க ஆளில்லாமல் மீண்டும் பெருகியது. எதிரியின் எதிரியைக் கொன்றதால் வந்த வினைக்கு உயிரியல் கட்டுப்பாட்டு நூல்கள் இன்றும் காட்டும் உதாரணங்களில் இது ஒன்று. தோட்டங்களில் டீல்ட்ரினின் செல்வாக்கு சரிந்ததற்குப் பெரிய காரணம் இந்தப் புழுவே. அதை முதுகில் சுமந்தவரின் உடல் அப்போதைய கணக்கில் முன்னுக்கு வரவில்லை.

புல்லின் கதை இதைவிட நீளமானது. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்தில் புல் இருக்கக் கூடாது என்பது துரைமாரின் பிடிவாதம். சுரண்டியால் மண்ணோடு சேர்த்துச் செதுக்கும் வேலை, பெரும்பாலும் கங்காணியின் குத்தகையில் நடந்தது. மலை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாகத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓயாவுக்குப் போகும். சுரண்டி மண்ணைத் தின்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நன்றாகவே விளங்கியிருந்தது. ஆகவே களைகொல்லி வந்தபோது அதற்கு ஒரு நியாயமான வாதமும் கூடவே வந்தது: வேரைக் கிளறாமல் புல்லைக் கருக்கினால் மண் தங்கும். ஆட்கூலி மிச்சமாகும் என்பது சொல்லாமலே விளங்கிய இரண்டாவது வாதம்.

பராகுவாட்டின் களைகொல்லும் தன்மை 1955இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டது. 1962இல் அது சந்தைக்கு வந்தது. மலையகத்தில் கிறமொக்சோன் என்ற அதன் வணிகப் பெயரைத் தெரியாதவர் இல்லை. ஈரமலைக்கு என்றே செய்ததுபோல் அதற்கு இரண்டு குணங்கள் இருந்தன. இலையில் பட்ட சிறிது நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடுவதால் பின்னால் வரும் மழை அதைக் கழுவாது. மண்ணில் விழுந்தால் களித்துகள்களோடு இறுகப் பிணைந்து செயலற்றுப்போவதால் தேயிலை வேருக்குக் கேடில்லை. பச்சை இலையில் வெயில் படும்போது அது உயிரணுக்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. மனித நுரையீரலுக்குள் போனால் ஒட்சிசனோடு சேர்ந்து அதே வேலையைச் செய்கிறது. முறிமருந்து கிடையாது.

வெளியில் பட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. செறிந்த திரவம் தோலை எரித்துக் கொப்புளிக்கச் செய்யும். கண்ணில் தெறித்தால் புண்ணாகிப் பார்வையைக் கெடுக்கும். நுண்துளியை இழுத்தால் மூக்கிலிருந்து இரத்தம் வடியும். விரல்களில் ஊறினால் நகத்தில் வெள்ளைப் பட்டைகள் தோன்றி, நகம் சொத்தையாகி, சிலருக்குக் கழன்றும் விழும். இந்த நகச் சிதைவு 1969இலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியது. தோல் முழுமையாக இருக்கும்வரை பராகுவாட் எளிதில் உள்ளே போவதில்லை. கவ்வாத்துக் கத்தியின் வெட்டும், அட்டை கடித்த இடமும், நனைந்து ஊறிய காலின் வெடிப்பும் உள்ள தோலில் அந்தக் கணக்கு செல்லாது. மலையில் முழுமையான தோலோடு வேலை செய்பவர் அரிது.

தேயிலைத் தொழிலாளர்களை நேரடியாக ஆராய்ந்த இரண்டு ஆய்வுகள் 1993இல் வெளிவந்தன. ஒன்றில், சராசரி பன்னிரண்டு ஆண்டுகள் பராகுவாட் அடித்த 85 பேர், தொழிற்சாலை வேலையாட்கள் 76 பேரோடும் பொதுவேலை செய்வோர் 79 பேரோடும் ஒப்பிடப்பட்டனர். நுரையீரல் செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மற்ற ஆய்வு, உடலில் படும் அளவை அளந்தது. மூச்சு வழியே போவது சொற்பம், தோலில் படுவதே பெரும்பங்கு, அதிலும் கையும் காலும் முன்னணியில் என்பது அதன் முடிவு. இரண்டும் சேர்ந்து சொல்வதை நிதானமாக வாசிக்க வேண்டும். நன்கு நீர்த்த கரைசலை அளவோடு அடித்தால் நுரையீரல் தப்பலாம் என்பது ஒரு பாதி. பன்னிரண்டு ஆண்டு அந்த வேலையில் நிலைத்தவர்கள் மட்டுமே ஒப்பீட்டுக்குக் கிடைத்தார்கள் என்பது மறுபாதி. ஒத்துக்கொள்ளாமல் இடையில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒப்பிடப்பட்ட தொழிற்சாலை வேலையாட்களும் தேயிலைத் தூசியை மூச்சோடு இழுப்பவர்களே.

சட்டம் தோட்டத்துக்குள் வந்த பாதையும் கவனிக்கத்தக்கது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களுக்கு வைத்தியசாலையையும் டிஸ்பென்சரியையும் கொண்டுவந்தது. அதன் கவலை தொற்றுநோயும் ஆட்பலமும். 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்துக்கு ஈடு தந்தது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் யந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. அது பெயருக்கேற்பத் தொழிற்சாலையோடு நின்றது. தேயிலை மலை அதன் எல்லைக்கு வெளியே. இரசாயனத்தையே குறிவைத்த சட்டம் 1980இல்தான் பிறந்தது. அந்த ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவு செய்யாத எதையும் விற்க முடியாது என்றாக்கிப் பீடைகொல்லிகள் பதிவாளர் என்ற பதவியை உருவாக்கியது. 1984இல் பரதியோனும் மெதில் பரதியோனும், 1995இல் மொனோகுரோட்டோபொஸும் மெதமிடோபொஸும், 1998இல் என்டோசல்பானும் தடைக்குள் வந்தன. நாடெங்கும் பீடைகொல்லி நஞ்சால் ஏற்பட்ட உயிரிழப்புகளே இதற்குக் காரணம். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததில் இந்தத் தடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பொதுச் சுகாதார ஆய்வாளர்களின் முடிவு. பராகுவாட்டின் செறிவு 2008இல் 20 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2011க்குள் அது முற்றாக நிறுத்தப்பட்டது. புல்லடித்தவரின் நகமும் மூக்கும் நாற்பதாண்டாகச் சொல்லிவந்த சாட்சியம் இந்தத் தீர்ப்பில் முக்கிய இடம் பெறவில்லை.

நேர்சரிகளில் வேறொரு பொருள் புழங்கியது. கன்று வளர்க்கும் மண்ணில் உள்ள வட்டப்புழுக்களைக் கொல்ல, மண்ணைக் குவித்துப் பொலித்தீன் விரிப்பால் மூடி உள்ளே மெதில் புரோமைட்டு வாயுவைச் செலுத்துவார்கள். வாயுவுக்கு நிறமோ, எச்சரிக்கத்தக்க மணமோ இல்லை, கசிந்தாலும் தெரியாது. அதனால் அதனோடு குளோரோபிக்ரின் என்ற பொருளை, பொதுவாக 2 சதவீதம், கலந்து விற்றனர். முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட குளோரோபிக்ரின் கண்ணைக் கரித்து நீர் வடியச் செய்யும். கண் எரிந்தால் ஓடிவிடு என்பதே ஏற்பாடு. தோட்டத்து இரசாயனங்களில் எரிச்சலே பாதுகாப்பாக வேலை செய்த இடம் இது ஒன்றுதான். இன்னொரு விந்தை: மற்ற மருந்துகளுக்குக் கையுறையும் சப்பாத்தும் கட்டாயம் என்றால், இதற்கு அவை ஆகாது. வாயு கையுறைக்குள் புகுந்து வெளியேற முடியாமல் தங்கித் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும். தொளதொளத்த உடுப்பே சரி. மோதிரமும் காப்பும் கழற்றப்பட வேண்டும். மெதில் புரோமைட்டு ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரிந்து, 1992இல் மொன்றியல் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தபின் இலங்கைத் தேயிலை அதைக் கைவிட்டது. மண்ணைச் சூடாக்குதல், வேறு மண்மருந்துகள் போன்ற மாற்றுகள் வந்தன. மீள்நடுகைக்கு முன் மலையில் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணை ஆற்றும் பழைய முறையும் மதிப்பிழக்கவில்லை.

பராகுவாட் விட்ட இடத்தைக் கிளைபோசேட் நிரப்பியது. 1974 முதல் உலகச் சந்தையில் இருந்த அது வேர்வரை போய்ப் புல்லைக் கொல்லும். தோல், கண் எரிச்சலில் பராகுவாட்டைவிட மென்மையானது. 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு இலங்கை அதைத் தடைசெய்தது. தடைக்கு முன்னின்ற காரணம் மலையகத்தில் இல்லை. வடமத்திய மாகாண நெல் விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோயில் இருந்தது. கிளைபோசேட்டுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு விஞ்ஞானிகளிடையே இன்றும் விவாதப் பொருள். தோட்டங்களில் அடுத்து நடந்ததில் விவாதம் இல்லை. ஆள் பற்றாக்குறையில் புல் ஏறியது. தேயிலைக்கு அனுமதியில்லாத எம்.சி.பி.ஏ. போன்றவை உள்ளே வந்தன. தனி வரம்பு வகுக்கப்படாத எச்சங்களுக்கு 0.01 பி.பி.எம். என்று கடுமையான எல்லை வைத்திருக்கும் ஜப்பான், 2018இல் இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சத்தைக் கண்டதும் ஏற்றுமதியாளர்கள் கலங்கினர். அந்த ஆண்டே தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உரமும் பீடைகொல்லிகளும் ஒரேயடியாக இறக்குமதித் தடைக்குள்ளாகி, விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. கிண்ணத்தில் மிஞ்சும் எச்சத்துக்கு வாங்குபவர் வைத்த எல்லை, தோட்டத்தில் எந்த உள்நாட்டு விதியையும்விட வேகமாக வேலை செய்தது. கொழுந்துக்கும் மருந்துக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் இன்று ஒழுங்காக எழுதப்படுவது பெரிதும் அதனால்தான்.

கையாளும் முறைகள் இந்த எழுபது எண்பது ஆண்டில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. மிக ஆபத்தான நேரம் அடிக்கும்போது அல்ல, கலக்கும்போது. செறிந்த மருந்து கையில் இருப்பது அப்போதுதான். நைட்ரில் கையுறையும் முகமறைப்பும் அந்த நேரத்துக்கே முதலில் வேண்டும். தூளைத் தண்ணீரில் மெதுவாக இட வேண்டும், மூட்டையைக் கொட்டிப் புழுதி கிளப்பக் கூடாது. அடைத்த நொசிலை வாயால் ஊதுவது பழைய பழக்கம். அதற்கு மென்தூரிகையோ தண்ணீரோ போதும். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, லேபலோடு வைத்தியரிடம் போக வேண்டும். தண்ணீர் பீலியில் மட்டுமே உள்ள மலைகளில் இந்த ஒரு விதிக்காகவே கலக்கும் இடத்தைத் தண்ணீருக்கு அருகில் வைக்கத் தோன்றும். ஓயாவைக் காக்கும் விதி அதை விலக்கி வைக்கச் சொல்லும். வாளியில் சுத்தத் தண்ணீரைத் தனியாக மலைக்குக் கொண்டுபோவது இரண்டுக்கும் பொதுவான வழி. காலிக் கேனை மூன்று முறை அலசி, அலசிய நீரை டாங்கியிலேயே ஊற்றி, கேனைக் குத்தி ஓட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் அது லயத்தில் தண்ணீர்க் கேனாக மாறிவிடும். நனைந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்பது கடைசியாக வந்த விதிகளில் ஒன்று. துவைப்பவர் பெரும்பாலும் மனைவி. மருந்து அவர் கைக்கும் போகிறது.

இந்த விதிகள் ஓரளவு நடைமுறையாவது தோட்டத்தில் ஸ்டோர், பூட்டு, பதிவேடு, கண்காணிக்கும் உத்தியோகத்தர் இருப்பதால். இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. பொல்பிட்டிய, கினிகத்தேனைப் பக்கச் சரிவுகளிலும் அவை நிறைய. அங்கே மருந்தை வாங்குபவரும் கலக்குபவரும் அடிப்பவரும் ஒரே ஆள். ஸ்டோர் என்பது வீட்டின் ஒரு மூலை. தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபையின் பரிசோதகர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். மற்றபடி அளவும் எச்சரிக்கையும் கடைக்காரர் சொல்வதையும், லேபலில் மூன்று மொழியில் பொடி எழுத்தில் இருப்பதையும் பொறுத்தவை.